பேசாத வீடு

வேங்கைமரத்தூர் ஊர்க்கூட்டத்தில் இதுவரை யாரும் 'முடியாது' என்று சொன்னதில்லை. உடனே, அடடா என்ன ஒற்றுமை என்று புல்லரித்துப் போக வேண்டாம். ஜவ்வாது மலை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இவ்வளவு வம்புக்காரர்களை ஒரே ஊரில் பார்க்க முடியாது. ஒரு பலாப்பழம் யார் எல்லையில் விழுந்தது என்பதற்காக வருஷக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்த அண்ணன் தம்பிகள் அங்கே உண்டு. ஆனாலும் கூட்டத்தில் 'முடியாது' கிடையாது. அதற்கென்று அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை பொழுது சாயும்போது மாரியம்மன் கோயில் முன்னால் கூடுவார்கள். ஊர்க்கவுண்டர் சுப்பிரமணி விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லிக் கேட்பார். சம்மதம் உள்ள வீடு 'ஆவட்டும்' என்று வாய் திறந்து சொல்லும். சம்மதம் இல்லாத வீடு பேசாமல் இருக்கும். ஒரே ஒரு வீடு பேசாமல் இருந்தாலும் போதும், அன்றைக்கு முடிவு கிடையாது. பேச்சை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்து போவார்கள். ஏன் பேசவில்லை என்று சபையில் வைத்துக் கேட்பது மரியாதை இல்லை. அடுத்த கூட்டத்துக்குள் யாராவது இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும், அங்கே கொடுப்பதை வாங்கிக் குடிக்க வேண்டும், 'மனசுல இன்னா கீது' என்று கேட்க வேண்டும். தெரிந்த பிறகு முடிவைக் கொஞ்சம் வளைப்பார்கள், அல்லது விட்டுவிடுவார்கள். ஜீப்பில் வந்து இறங்குகிற வெளியூர் ஆட்களுக்கு இதற்கெல்லாம் பொறுமை இருக்காது. அவர்களுக்கு எப்போதும் அடுத்த ஊருக்குப் போகிற அவசரம்.

இந்த ஊரில் பிறந்தவள்தான் கோகிலவாணி. குப்பனுக்கும் செல்லிக்கும் ஒரே மகள். திருவண்ணாமலையில் விடுதியில் தங்கி தாவரவியல் படித்தாள். படித்தவர்களெல்லாம் ஒசூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறிய காலத்தில் இவள் மட்டும் திரும்பி வந்து, ஜமுனாமரத்தூரில் மகளிர் குழுக்கள் நடத்துகிற சாமை அரவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சாமையைத் தோல் நீக்குவது, கல் பார்ப்பது, பொட்டலம் கட்டுவது, வருகிறவர்களுக்குக் கணக்குச் சொல்வது எல்லாம் அவள்தான். அதிகம் பேசாத பெண். செல்லியே சலித்துக்கொள்வாள், "இத்த பெத்ததுக்கு ஒரு ரேடியோ வாங்கியிருந்தாகூட வூட்ல சத்தம் இருந்திருக்கும்" என்று.

அந்தப் பேசாத பெண் உலக நாடுகளின் கூட்டத்துக்குப் போனது ஷோபனாவால். படவேட்டுக்காரியான ஷோபனா, காலநிலை மாற்றத்தைப் பற்றி இளைஞர்களிடம் பேசுகிற ஒரு சின்ன அமைப்பில் இருந்தாள். ஒருநாள் அரவைக் கூடத்தில் பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து, உங்கள் ஊரில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டாள். மற்றவர்கள் வெயில், மழை என்று பொதுவாகச் சொன்னார்கள். கோகிலவாணி கடைசியில் வாய் திறந்தாள். விதைத்த பிறகு வறட்சியும் அறுக்கிற நேரத்தில் அடைமழையுமாகப் போனதில், போன வருஷம் கதிரிலேயே சாமை முளைத்துவிட்டது என்றாள். முளைத்த கதிரைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, இதை அரைக்க முடியுமா என்று சொந்த அப்பாவே தன்னிடம் கேட்டதையும் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. ஷோபனா அதைப் போனில் பிடித்து எங்கெங்கோ அனுப்பினாள். சில மாதங்கள் கழித்து, ஜூனில் ஜெர்மனியில் நடக்கிற ஐ.நா. காலநிலைப் பேச்சுவார்த்தைக்கு இளைஞர் அணியில் ஒருத்தியாக அவளைக் கூப்பிட்டார்கள்.

ஊரைக் கேட்காமல் போவதா? திங்கட்கிழமை சுப்பிரமணி கேட்டார். எல்லா வீடும் 'ஆவட்டும்' என்றது. கருப்பன் வீடு மட்டும் பேசவில்லை.

கருப்பனுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, ஆனால் ஊரில் எது தொடங்கினாலும் முட்டுக்கட்டை போடுகிற ஆள் என்று பேர் வாங்கியிருந்தான். கோயிலுக்கு ஸ்பீக்கர் வாங்குவதை ஆறு மாதம் இழுத்தடித்தவன் அவன். கோகிலவாணிக்கு அன்றைக்கு அவன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் வழக்கப்படி சுப்பிரமணியோடு அவன் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி முனியம்மா கேழ்வரகுக் கூழ் கொடுத்தாள். குடித்து முடித்ததும் சுப்பிரமணி கேட்டார்.

"மனசுல இன்னா கீது, கருப்பா?"

"பொண்ணு போவட்டும். போவ வாணான்னு நான் சொல்லல," என்றான் கருப்பன். "போய் மழ இல்ல, வெயிலு ஜாஸ்தின்னு அழுதுட்டு வந்தா அவங்க இன்னா பண்ணுவாங்க? மரம் வெய்யின்னுவாங்க. எங்க வெப்பாங்க? நம்ம கரம்புலதான் வெப்பாங்க."

அவன் சொன்னது பக்கத்து ஊர்ச் சங்கதி. அங்கே ஒரு கம்பெனி, வெளிநாட்டுப் புகைக்கு ஈடாக மரம் நடுகிறோம் என்று வந்து, சும்மா கிடந்த கொல்லைகளில் கன்று வைத்துக் கம்பி வேலியும் போட்டுவிட்டது. அந்தக் கொல்லைகள் சும்மா கிடக்கவில்லை. மலையில் ஒரு நிலத்தில் இரண்டு மூன்று வருஷம் சாமை போட்டால், பிறகு கொஞ்ச காலம் கரம்பாக விடுவார்கள். மாடு ஆடு மேயும், சாணி விழும், மண் தேறும், திரும்ப விதைப்பார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது வெற்று நிலம்.

"மரம் வெக்கிறது தப்பில்ல. எங்க கொல்லையில வெக்கிறதுக்கு முன்னாடி எங்கள கேளு. அத்த மட்டும் சொல்லிட்டு வா, போதும்," என்றான்.

கோகிலவாணிக்குக் கோபம் இறங்கிவிட்டது. அவளே யோசித்திருக்க வேண்டிய விஷயம் அது. அடுத்த திங்கட்கிழமை அந்த வரியையும் சேர்த்துக் கேட்டபோது கருப்பன் வீடும் 'ஆவட்டும்' என்றது. வெற்று நிலம் என்று பார்த்து மரம் நடுவதற்கு முன்னால் அந்த நிலத்துக்காரர்களைக் கேட்க வேண்டும். இதுதான் ஊர் அவளிடம் கொடுத்தனுப்பிய ஒரே வரி. செல்லி கொடுத்தனுப்பிய ஊறுகாயும் புளியும் தனி.

ஜெர்மனியில் இரவு ஒன்பதரைக்கும் சூரியன் மறையவில்லை. மாநாட்டுக் கட்டடத்தில் கழுத்தில் அட்டை தொங்காத மனிதரே இல்லை. நாடுகளின் பிரதிநிதிகள் முன்னால் உட்கார்ந்து பேசினார்கள். இளைஞர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள். பெரிய கூட்டத்தின் கடைசியில், பாதி நாற்காலிகள் காலியான பிறகு, இளைஞர் அணிக்கு இரண்டு நிமிஷம் கிடைக்கும். உலகத்து இளைஞர்கள் எல்லாருக்கும் சேர்த்து இரண்டு நிமிஷம்! அந்த இரண்டு நிமிஷத்தில் வாசிப்பதை எழுதத்தான் அறுபது பேர் போல ஒரு சின்ன அறையில் நாள் முழுக்க முட்டி மோதினார்கள்.

அங்கே சண்டை போடுகிற விதம் கோகிலவாணிக்குப் புதுசு. யாரும் கத்தவில்லை. பிடிக்காத வரியை எடுத்து ஒரு அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிடுவார்கள். அடைப்புக்குறியில் இருந்தால் இன்னும் சம்மதமாகவில்லை என்று அர்த்தம். அவள் வரியும் சீக்கிரமே உள்ளே போனது. அவள் காரணம் சொன்னாள். கரம்பு என்றால் என்ன, மாடு எங்கே மேயும், பக்கத்து ஊரில் என்ன நடந்தது, எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறிய இங்கிலீஷில் சொன்னாள். எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். யாரும் அவளைக் கேலி செய்யவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் ஒரு நல்ல வார்த்தை தயாராக இருந்தது. இது முக்கியமான விஷயம், இதையும் உள்ளடக்கி 'உள்ளூர் மக்களின் அர்த்தமுள்ள பங்கேற்பு' என்று மேலே ஏற்கெனவே ஒரு வரி இருக்கிறது, இரண்டு நிமிஷம்தானே என்றார்கள்.

அந்த அறையை நடத்தியவன் போர்ச்சுகல்காரன் தியாகோ. அவளைவிட ஒரு வயது பெரியவனாக இருப்பான். ராப்பகலாகத் தூங்காமல் கண் சிவந்திருந்தது. கடைசியாக முழு வாசகத்தையும் படித்துவிட்டு, அடைப்புக்குறியில் இருந்த அவள் வரியை எடுத்துவிடலாமா, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டான். கேட்டுவிட்டு நேராக அவளைப் பார்த்தான்.

கோகிலவாணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு சொல்கூட வெளியே வராமல் உட்கார்ந்தாள். வேங்கைமரத்தூரில் பிறந்தவள் தன் வாழ்க்கையில் சொல்லக்கூடிய மிகப் பலமான 'முடியாது' அது. அப்பாவிடம் கோபித்துக்கொண்டபோதுகூட அவள் அவ்வளவு உறுதியாகப் பேசாமல் இருந்ததில்லை.

தியாகோ கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு சிரித்து, நன்றி என்று அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அவளும் தலையசைத்தாள். பையன் புரிந்துகொண்டான், மூடி வைத்துவிட்டான், நாளைக்குக் காலையில் யாராவது தன்னிடம் வந்து கேட்பார்கள் என்று நிம்மதியாகப் போய்ப் படுத்தாள். காலையில் சாப்பாட்டு மேசையில் பக்கத்து நாற்காலியில் பையை வைக்காமல் காலியாக விட்டிருந்தாள், வருகிறவர் உட்கார வேண்டுமே என்று.

யாரும் வரவில்லை. மத்தியானம் பெரிய மண்டபத்தில் ஒரு பெண் எழுந்து இளைஞர்களின் அறிக்கையை வாசித்தாள். கோகிலவாணி தன் வரிக்காகக் காத்திருந்தாள். அர்த்தமுள்ள பங்கேற்பு வந்தது, எதிர்காலத் தலைமுறை வந்தது, இரண்டு நிமிஷமும் முடிந்தது. கைதட்டினார்கள்.

வெளியே போய் தியாகோவைப் பிடித்தாள்.

"என் வரி எங்கே?"

"எடுத்துவிடச் சம்மதித்தாயே," என்றான் அவன், உண்மையிலேயே புரியாமல்.

"நான் எப்போது சம்மதித்தேன்? நான் பேசாமல்தானே இருந்தேன்!"

"ஆமாம், பேசாமல்தானே இருந்தாய்," என்றான் தியாகோ.

இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கமாக யாரோ அவனை அவசரமாகக் கூப்பிட்டார்கள், அவன் போய்விட்டான். கோகிலவாணி கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஒரு ஊரே சேர்ந்து கையில் கொடுத்த ஒன்றை, திருடன்கூட வராத இடத்தில், தானே கீழே வைத்துவிட்டு வந்த மாதிரி அவளுக்கு அவமானமாக இருந்தது.

ஊருக்கு வந்ததும் மறைக்கவில்லை. வந்த முதல் திங்கட்கிழமையே கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாள். யாரும் திட்டவில்லை. நம்பத்தான் மாட்டேன் என்றார்கள். "பேசாம ஒக்காந்திருந்தா எப்டிம்மா சம்மதம் ஆவும்? அவங்க வேற இன்னாவோ சொல்லியிருப்பாங்க, உனுக்குப் புரிஞ்சிருக்காது," என்றார் சுப்பிரமணி. கருப்பன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

சாமை கதிர் வாங்குகிற நேரத்தில் ஷோபனா போன் செய்தாள். நவம்பர் மாநாட்டுக்கான இளைஞர் அறிக்கையை இணையத்தில் கூடி எழுதப்போகிறார்கள், இந்த முறை விட்டதைப் பிடிக்கலாம் என்றாள்.

"ஆனா கோகிலா, நீ வாயத் தொறந்து நோன்னு சொல்லணும்டி. சொல்லுவியா?"

சொல்லலாமா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அவள் அங்கே பேசப்போவது தனக்காக அல்ல, ஊருக்காக. வெளியாட்கள் சபையில் நம் ஊர் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லலாமா என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டாள். எல்லா வீடும் கொஞ்சம் தயங்கி 'ஆவட்டும்' என்றது. கருப்பன் வீடு பேசவில்லை.

இந்த முறை செல்லியையும் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். கூழைக் குடிக்கிற வரைக்கும் பொறுத்தாள்.

"மனசுல இன்னா கீது மாமா? வரி உன்னுதுதான. அத்த திருப்பிக் கொண்டாறதுக்குதான கேக்கறேன்?"

கருப்பன் வீட்டுக்குப் பின்னால் தெரிந்த தண்ணீர்த் தொட்டியைக் கையால் காட்டினான். கட்டிய நாளிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாத தொட்டி அது.

"அந்த எடம் எங்குளுது. தொட்டி கட்டணும்னு ஜீப்புல வந்தாங்க. நான் வாய வெச்சிக்கினு சும்மா இல்லாம, வாணாங்கன்னேன். ஏன்யான்னாங்க. ராகி வெதைக்கணும்னேன், அந்தாண்ட வெதைச்சிக்கோன்னாங்க. மாடு கட்டணும்னேன், இந்தாண்ட கட்டிக்கோன்னாங்க. நான் ஒண்ணு சொன்னா அவங்க ஒண்ணு சொல்றாங்க. கடைசீல எனுக்கு சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. வாணான்னு சொன்னவன் நானு, கையெழுத்துப் போட்டவனும் நானு. பேசாம இருந்தா அதுக்கு யாராலயும் பதில் சொல்ல முடியாது, கோகிலா. வாயத் தொறந்தா காரணம் கேப்பாங்க. காரணத்தக் குடுத்தா அது அவங்குளுது ஆயிடும்."

செல்லி, "அதுவும் வாஸ்தவந்தான்" என்று தன் மகளுக்கு எதிராகவே சொல்லிவைத்தாள்.

கோகிலவாணிக்கு ஜெர்மனி அறை கண்முன்னால் வந்தது. அவளும் காரணம் சொன்னாள்தானே. அத்தனை காரணமும் சேர்ந்து 'அர்த்தமுள்ள பங்கேற்பு' ஆகிப்போனதே. இந்த முட்டுக்கட்டை மனுஷன் அங்கே வராமலே அந்த அறையைப் பார்த்திருக்கிறான் என்று தோன்றியது. ஆனால் பேசாமல் இருந்ததால்தானே வரியே போனது, அதற்கு அவனிடம் என்ன பதில்?

"பேசாம இருந்தேன் மாமா. பேசாம இருந்தா நம்மூர்ல வூட்டுக்கு வந்து கேப்பாங்க. அங்க யாரும் வரல. நான் பக்கத்து நாற்காலிய காலியா வெச்சிக்கினு ஒக்காந்திருந்தேன்."

அதைச் சொல்லும்போது அவளுக்குத் திரும்பவும் அழுகை வந்தது. முனியம்மா எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கருப்பன் கூழ்ச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"அப்ப ஒண்ணு பண்ணு," என்றான். "வாணான்னு வாயால சொல்லு. ஏன்னு சபையில சொல்லாத. தெரிஞ்சிக்கணும்னா வந்து கேக்கட்டும்."

அது நடக்கிற காரியமாக அவளுக்குப் படவில்லை. ஆனாலும் ஊர்க்கூட்டத்தில் அதையே வைத்தாள். திங்கட்கிழமை கருப்பன் வீடும் 'ஆவட்டும்' என்றது.

வீடியோ கூட்டம் சாயங்காலம். அரவைக் கூடத்தில் மிஷினை நிறுத்திவிட்டு, ஷோபனா கொண்டுவந்த லேப்டாப்பைச் சாமை மூட்டைமேல் வைத்தார்கள். கருப்பனும் பஸ் பிடித்து வந்துவிட்டான். இவள் காரணத்தைக் கொட்டிவிடுவாளோ என்று அவனுக்குச் சந்தேகம். இன்னொரு மூட்டையில் உட்கார்ந்து, திரையில் தெரிந்த முகங்களை ஜீப்பில் வந்த ஆட்களைப் பார்க்கிற மாதிரியே முறைத்துக்கொண்டிருந்தான்.

மரம் நடுவதைப் பற்றிய பத்தி வந்தது. நிலத்துக்காரர்களைக் கேட்பது பற்றி அதில் ஒன்றுமில்லை. தியாகோ படித்துவிட்டு ஆட்சேபம் உண்டா என்று கேட்டான். கோகிலவாணி மைக்கைத் திறந்தாள். தன் ஊர் சபையில் யாரும் சொல்லாத சொல், அவள் பாட்டன் பூட்டன் சொல்லாத சொல்.

"எனக்குச் சம்மதம் இல்லை," என்றாள் இங்கிலீஷில்.

"சரி. என்ன காரணம்?"

அவள் பேசவில்லை.

"காரணம் சொன்னால்தான் குறித்துக்கொள்ள முடியும், கோகிலா," என்றான் அவன், பொறுமையாகத்தான். யாரோ ஒரு பெண், நேரம் போகிறது என்றாள்.

காரணம் நாக்கு நுனியில் இருந்தது. இந்த முறை நன்றாகச் சொல்லியும் இருப்பாள், ஷோபனாவிடம் மாதக் கணக்கில் பேசிப் பழகியிருந்தாள். சொல்லாவிட்டால் வரி திரும்பவும் போய்விடும் என்பதும் தெரிந்தது. போனால் இந்த முறை தியாகோ தப்பாகப் புரிந்துகொண்டான் என்று பழியைத் தூக்கிப் போடவும் முடியாது. கருப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை மட்டும் மூட்டையின் காதை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ஜூன் மாதம் நான் பேசாமல் இருந்தேன்," என்றாள். "எங்கள் ஊரில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். ஒருத்தர் வேண்டாம் என்றால், மற்றவர்கள் அவர் வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்பார்கள். கூட்டத்தில் கேட்க மாட்டார்கள். இப்போது உங்களுக்குப் புரிகிற மாதிரி வாயால் சொல்லிவிட்டேன். காரணம் வேண்டுமென்றால் யாராவது வந்து கேளுங்கள். எங்கள் ஊர் எனக்கு இவ்வளவுக்குத்தான் அனுமதி கொடுத்திருக்கிறது."

திரையில் இருந்த முகங்கள் அசையவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று ஷோபனா பார்த்தாள். கடைசியில் தியாகோ, அந்தப் பத்தியை அடைப்புக்குறியில் வைத்துவிட்டு மேலே போகலாம் என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் கோகிலவாணி கருப்பனோடு சண்டை போட்டாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு சொற்கள் வந்ததை அந்த பஸ் அதற்கு முன் கேட்டதில்லை. "உன் பேச்சக் கேட்டுக்கினு ஊம கணக்கா ஒக்காந்திருந்தேன்! நல்லா வருவாங்க, ஏரோப்ளேன் புடிச்சி உன் வூட்டுக்குக் கூழு குடிக்க!" கருப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "வருவாங்க, வருவாங்க" என்று மட்டும் சொன்னான்.

யாரும் வரவில்லை. ஒரு குறுஞ்செய்திகூட இல்லை. முதலில் நம்பிக்கையாக இருந்த கருப்பனே பிறகு பொழுது சாயும் நேரத்தில் குப்பன் வீட்டுப் பக்கம் வர ஆரம்பித்தான். ஆட்டைத் தேடி வந்த மாதிரி வந்து, "இன்னா, யார்னா கேட்டாங்களா?" என்பான். இல்லை என்றதும் போய்விடுவான். அவன் முகம் சுண்டிப்போவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் தீர்ந்து பாவமாக இருந்தது. வரி போனாலும் பரவாயில்லை, இந்த மனுஷனை ஒருத்தர் வந்து கேட்டால் போதும் என்றுகூட நினைத்தாள்.

சாமை அறுப்பு தொடங்கிய அன்று அவள் வேலைக்கு லீவு போட்டிருந்தாள். அறுத்த கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கருப்பன் வீட்டைத் தாண்டும்போது போன் அடித்தது. அந்த இடத்தில்தான் ஊரில் கொஞ்சமாவது சிக்னல் எடுக்கும். படம் வராது, பேச்சுக்குப் போதும். கட்டைக் கீழே போட்டுவிட்டு எடுத்தாள்.

தியாகோ.

"ஜூன் மாதக் கூட்டத்தின் வீடியோ இருக்கிறது. திரும்பப் பார்த்தேன். நான் கேட்டபோது உன் முகம் எப்படி இருந்தது என்று இப்போதுதான் பார்க்கிறேன். சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். உங்கள் ஊர் ரொம்ப தூரம். வர முடியவில்லை. போனில் கேட்டால் வந்து கேட்ட மாதிரி ஆகுமா?"

"கொஞ்சம் இருங்கள்," என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் ஏந்திக்கொண்டு கருப்பன் வீட்டுக்குள் போனாள்.

கருப்பன் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான்.

"இன்னாச்சி?"

"கேக்க வந்திருக்காரு மாமா. அந்தக் கூட்டத்த நடத்தறவரு. மனசுல இன்னா கீதுன்னு கேக்கறாரு."

அவன் அரிவாளைக் கீழே வைத்தான். கையை வேட்டியில் துடைத்தான். அந்தச் சின்னப் போனைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது, அதைத் துடைத்துக்கொள்ளவும் அவனுக்குத் தோன்றவில்லை.

"முனியம்மா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான், "வெளியாள் வந்துகீறாரு, கூழு ஊத்து." பிறகு கோகிலவாணியிடம், "மொதல்ல ஒக்காரச் சொல்லும்மா," என்றான்.

அவள் இங்கிலீஷில் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.